பிழைத்தால் போதுமா?

"பிழைத்துவிட்டான்!"

எத்துணை இனிய சொல்! மருத்துவமனைத் தாழ்வாரத்திலே, இரவெல்லாம் கண்விழித்து, எந்தக் கதவு திறக்கும், எவர் வந்து என்ன கூறுவர் என்று ஏங்கி நிற்கும் தாயின் செவியிலே அந்தச் சொல் விழும்போது, உலகத்து இசையெல்லாம் சேர்ந்தாலும் அதற்கு ஈடாகுமா? அந்த ஒரு சொல்லைத் தாய்க்குத் தருவதற்காகத்தான் அறிஞர்கள் பல தலைமுறைகளாகக் கண்துஞ்சாது உழைத்தனர்.

ஆனால், தோழர்களே, அந்தச் சொல்லைத் தொடர்ந்து இன்னொரு சொல்லும் வருகிறது. உடனே வருவதில்லை. ஆறு திங்கள் கழித்து வரும். ஆண்டொன்று கழித்தும் வரும். "அதுதான் பிழைத்துவிட்டானே! இன்னும் என்ன குறை இவனுக்கு?" முதற் சொல் வாழ்த்து, இரண்டாவது சொல் குற்றச்சாட்டு. வாழ்த்திய அதே வாய்தான் குற்றமும் சாட்டுகிறது. வாழ்த்துக்கும் குற்றச்சாட்டுக்கும் இடையிலே அந்த மனிதன் செய்த பிழை யாது? களைத்துப்போனான், அவ்வளவே.

இந்த இரண்டாவது சொல்லை நாமும் சொல்லியிருக்கிறோம். ஊராரைக் குறைகூற எழுதப்படுவதன்று இக்கட்டுரை. பகுத்தறிவைப் பேசியும் போற்றியும் வருகிற நாமே எங்கே வழுக்கி விழுந்தோம் என்பதை எடுத்துரைத்து, அந்த இடத்திலே மற்றவர் கால் வைக்காதிருக்க ஓர் அடையாளக் கல் நடுவதே நம் நோக்கம்.

கல்லூரியிலே கலைப்பட்டம் பெற்று, ஆசிரியப் பணியேற்று நமக்கு நான்கு ஆண்டுகளே ஆகின்றன. நம் பத்தாம் வகுப்பிலே ஒரு மாணவன். எட்டாம் வகுப்பிலே பயின்ற காலத்தில் அவன் கழுத்திலே நெல்லிக்காய் அளவு கட்டியொன்று தோன்றிற்று. வலியில்லை, ஆகவே எவரும் பொருட்படுத்தவில்லை. இரவிலே வியர்வை, உடலிலே மெலிவு. பிறகு மருத்துவர் பெயர் கூறினார்: ஹாட்ஜ்கின் லிம்போமா. நிணநீர்க் கணுக்களைப் பற்றுகிற புற்றுநோய். மாதக்கணக்கில் வேதிமருந்து ஏற்றினர். கழுத்திலே கதிர்வீச்சும் தந்தனர். நோய் நீங்கிற்று. உதிர்ந்த முடி மீண்டும் வளர்ந்தது. பையன் பள்ளிக்குத் திரும்பினான். பள்ளியே மகிழ்ந்தது, இனிப்பு வழங்கினர், நாமும் அவன் தோளைத் தட்டினோம்.

ஓராண்டு கடந்தது. மூன்றாம் பாடவேளை வந்தால் அவன் தலை மேசைமீது சாயும். முதல் நாள் பொறுத்தோம், மறுநாள் அதட்டினோம், மூன்றாம் நாள், பாடவேளை முடியும்வரை நிற்குமாறு பணித்தோம். நின்றான். "உறங்கவில்லை ஐயா. கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். தலையை நிமிர்த்தத்தான் முடியவில்லை" என்றான். சாக்குப்போக்கென்று நினைத்தோம். மேசையின் விளிம்பைப் பற்றியிருந்த அவன் விரல்கள் வெளுத்திருந்ததைக் கண்டோம். கண்டும் உட்காரச் சொன்னோமில்லை.

மறுநாள் அவன் தாயார் வந்தார். கையிலே மருத்துவ அறிக்கைகள் அடங்கிய பை. புரட்டிப் பார்த்தோம். நோய்க்குரிய அடையாளம் எதுவுமில்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. வழக்கிலே சான்று கிடைத்த வழக்கறிஞரைப் போல நிமிர்ந்து, "நோய் இல்லை என்றுதானே அம்மா எழுதியிருக்கிறார்கள்?" என்று கேட்டோம். அந்த அம்மையார் சினக்கவில்லை. "ஆமாம் ஐயா, நோய் இல்லை என்றுதான் எழுதியிருக்கிறார்கள். தெம்பு இருக்கிறது என்று எழுதவில்லையே!" என்றார்.

பள்ளிப் படிப்பை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய தாய் அவர். நமக்குப் பட்டம் இருந்தது, விடை இல்லை.

விடை தேடப் புகுந்தோம். முதலில், இந்நோயை மனித அறிவு வென்ற வரலாற்றைப் படித்தோம். 1832-ஆம் ஆண்டில், இலண்டன் நகரத்துக் கய் மருத்துவமனையைச் சார்ந்த தாமஸ் ஹாட்ஜ்கின், நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் பெருத்து மாண்ட ஏழு பேரைப் பற்றி எழுதினார். 1865-இல் சாமுவேல் வில்க்ஸ் அந்நோய்க்கு ஹாட்ஜ்கின் பெயரையே சூட்டினார். பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. மேலும் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் உருண்டோடிற்று. 1942-இல் அமெரிக்க நாட்டு யேல் பல்கலைக்கழகத்தில் குட்மன், கில்மன் என்னும் இருவர், போர்க்களத்து நச்சுப்புகையின் உறவுப்பொருளாகிய நைட்ரஜன் மஸ்டர்டை நிணநீர்ப் புற்றுற்ற ஒருவரின் உடலில் செலுத்தினர். கட்டிகள் கரைந்தன, பின்னர் மீண்டும் வளர்ந்தன. எனினும், மருந்தாலும் புற்றைக் கரைக்கலாம் என்ற உண்மை வெளிப்பட்டது. மனிதரைக் கொல்லப் பிறந்த நஞ்சு, மனிதரைக் காக்க முன்வந்தது!

மேலும் கேளுங்கள். நம் ஊர்களிலே வீட்டு வாயிலிலும் வளர்ந்து, இடுகாட்டு மேட்டிலும் பூத்து நிற்கும் நித்திய கல்யாணியை அறியாதார் யார்? சுடுகாட்டு மல்லி என்றும் அதற்குப் பெயருண்டு. பிணத்தோடு சேர்த்துப் பேசப்பட்ட அந்தச் செடியிலிருந்துதான், 1950-களின் இறுதியில் கனடா நாட்டு அறிஞர் நோபிளும் பியரும் வின்பிளாஸ்டின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தனர். அதே செடி தந்த இன்னொரு மருந்து வின்கிரிஸ்டின். 1970-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்து டிவிட்டாவும் அவர்தம் தோழர்களும், வின்கிரிஸ்டின் உள்ளிட்ட நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, முற்றிய ஹாட்ஜ்கின் நோயினரில் ஐந்தில் நால்வருக்கு நோய் முற்றும் மறைந்ததைக் காட்டினர். 1975-இல் இத்தாலியின் மிலான் நகரத்துப் பொனடோனா, வின்பிளாஸ்டின் அடங்கிய வேறு நான்கு மருந்துகளின் கூட்டைத் தந்தார். இன்று, நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளிலே, தொடக்க நிலையில் கண்டறியப்பட்டோரில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் ஐந்தாண்டு கடந்து வாழ்கின்றனர். சுடுகாட்டு மல்லி, சுடுகாட்டுக்குச் செல்லவிருந்தோரைத் திருப்பி அனுப்புகிறது!

இந்த வரலாற்றைப் படிக்கும் எவர் நெஞ்சும் விம்மாதா? நம் நெஞ்சும் விம்மிற்று. ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. வெற்றிக்கு விலையும் இருந்தது.

நோயைக் கொல்லும் மருந்து, நோயை மட்டுமே தேடிப்பிடித்துக் கொல்லும் அறிவுடையதன்று. டாக்சோரூபிசின் இதயத் தசையைத் தளர்த்தக்கூடும். பிளியோமைசின் நுரையீரலைத் தழும்பாக்கக்கூடும். வின்கிரிஸ்டின் கைகால் நரம்புகளை மரக்கச் செய்து, சட்டைப் பொத்தானை மாட்டும் சிறு வேலையையும் பெருவேலையாக்கக்கூடும். கழுத்திலே பாய்ந்த கதிர், ஆண்டுகள் சில சென்றபின் தைராய்டுச் சுரப்பியை மந்தமாக்கக்கூடும். எல்லோருக்கும் எல்லாம் வருவதில்லை. பலர் முழு வலிமையுடன் வாழ்கின்றனர். ஆயினும் இத்தகைய கேடு எதுவும் தென்படாதவர்களிலும் ஒரு சாராருக்கு, பெயரிட இயலாத பகைவனைப்போல, களைப்பு வந்து தங்கிவிடுகிறது.

களைப்பு என்றால் நாம் அறிந்த களைப்பா? உழுது வந்த உழவனுக்கும் களைப்புண்டு. உண்டு உறங்கினால் விடியலில் நீங்கும். இந்தக் களைப்போ உறங்கினாலும் தீராதது. செய்த வேலையின் அளவுக்கு ஒவ்வாதது. குளித்து உடையணிந்ததுமே அன்றைய வலிமையெல்லாம் செலவாகி, பொழுது புலரும்போதே அந்தி வந்துவிட்டதுபோல் அமர்ந்துவிடுவோர் உண்டு. மடியை ஒழிக்க வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் மடி வேறு, அயர்வு வேறு. முடிந்தும் செய்யாதிருப்பது மடி. செய்ய விரும்பியும் முடியாதிருப்பது அயர்வு. இரண்டையும் தனித்தனியே பெயரிட்டு வைத்த மொழியைப் பேசுகிற நாம், இரண்டையும் ஒன்றெனக் குழப்பி, அயர்ந்தவனைப் பார்த்து மடியன் என்கிறோமே!

"இஃதெல்லாம் நோயாளியின் கற்பனை" என்பாருக்கு ஓர் ஆய்வைக் கூறுவோம். 1999-இல் நார்வே நாட்டு மருத்துவர்கள், ஹாட்ஜ்கின் நோயிலிருந்து மீண்ட நானூற்றுக்கும் மேற்பட்டோரின் விடைகளை ஆராய்ந்து வெளியிட்டனர். மீண்டு எத்தனை காலமானவர்கள்? சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள்! அவர்களிலே நூற்றுக்கு 26 பேர், ஆறு திங்களுக்கு மேலாக நீடிக்கும் கடுங்களைப்பில் இருந்தனர். அந்நாட்டுப் பொதுமக்களிடையே அத்தகையோர் நூற்றுக்கு 11 பேரே. 2016-இல் செருமானிய ஆய்வினர் ஹாட்ஜ்கின் நோயினரைப் பற்றி வெளியிட்ட முடிவுகள், கடுங்களைப்பு உடையோரே வேலைக்கும் சமூக வாழ்வுக்கும் திரும்ப அதிகம் இடர்ப்படுகின்றனர் என்று காட்டின. ஆயிரம் மைல்களுக்கு அப்பால், ஒருவரையொருவர் அறியாதார், ஒரே குறையைக் கூறுகின்றனர். கூடிப்பேசிக் கட்டிய கதையா இது?

இங்கேதான் பகுத்தறிவாளர்க்கு ஒரு தேர்வு வருகிறது. "கண்ணாலே காணாததை, கருவியாலே அளக்காததை நம்பாதே" என்று பழகியவர்கள் நாம். ஆவியையும் பேயையும் அப்படித்தான் விரட்டினோம். இப்போது ஒருவன் வந்து, "எனக்குள்ளே களைப்பு இருக்கிறது, ஸ்கேன் காட்டாது, இரத்தச் சோதனையும் காட்டாது, ஆனால் இருக்கிறது" என்கிறான். நம்புவதா, விரட்டுவதா?

நம் மாணவன் கதையின் எஞ்சிய பகுதியே இதற்கு விடை தந்தது. தாயார் வந்துபோன சில கிழமைகளில், மருத்துவர் அவன் தைராய்டைச் சோதித்தார். சுரப்பு குறைந்திருந்தது. மாத்திரை தந்தார். செய்தி பள்ளிக்கு வந்ததும் அனைவர் குரலும் மாறிற்று. "ஐயோ பாவம்! உண்மையிலேயே முடியாமல்தான் இருந்திருக்கிறான்" என்றனர் ஆசிரியர்கள். மாத்திரையால் திங்கள் சிலவற்றில் களைப்பிலே ஒரு பாதி நீங்கிற்று. மறு பாதி நின்றது. சுரப்பு சரியாகிவிட்டதென்று அறிக்கை வந்தது. மறுபடியும் குரல் மாறிற்று! "இன்னும் என்ன இவனுக்கு?"

எண்ணிப் பாருங்கள். அதே பையன். அதே நா. அதே சொல்: "முடியவில்லை." தாளிலே எண் இருந்தபோது அது உண்மை, எண் இல்லாதபோது அது பொய்யா? சோதனை நடந்த நாளிலா அவன் களைப்புப் பிறந்தது? அதற்கு முந்தைய நாள், நாம் அவனை நிறுத்திவைத்த நாள், அந்தக் களைப்பு எங்கே இருந்தது? அவன் உடலில்தான் இருந்தது. அவன் அதைச் சொல்லவும் செய்தான். அறியாதிருந்தது நாம். நம் அறியாமையை அவன் பொய்யாக்கினோம்.

பேயைக் கண்டேன் என்பான் கூற்றும், களைத்திருக்கிறேன் என்பான் கூற்றும் ஒன்றல்ல. பேய், புறத்தே இருப்பதாகக் கூறப்படும் பொருள். புறத்தே சென்று தேடலாம். தேடினால் இல்லையென்று காட்டலாம். களைப்போ அவனவன் உணர்வு. அதற்கு முதற்சான்று அவன் வாய்மொழியே. பல்வலியை எவர் கண்ணால் கண்டார்? பசியை எவர் நிறுத்துப் பார்த்தார்? அதனால் பசி பொய்யாகிவிடுமா? நார்வே அறிஞர்கள் செய்ததென்ன? வினாக்களை வரிசையாக எழுதி, மீண்டோரைக் கேட்டனர், அதே வினாக்களைப் பொதுமக்களையும் கேட்டனர், இரண்டையும் ஒப்பிட்டனர். கேட்பதும் ஓர் அளவுகோலே என்று அவர்கள் கண்டனர். கேளாமலே "இல்லை" என்று தீர்ப்பளிப்பது பகுத்தறிவாகாது. அது மூடநம்பிக்கையின் மறுபக்கம். அங்கே ஆராயாமல் நம்பினர். இங்கே ஆராயாமல் மறுத்தோம். ஆராயாமை இரண்டிடத்தும் ஒன்றே.

"இப்படி எல்லோரையும் நம்பத் தொடங்கினால், உண்மைச் சோம்பேறியும் இதையே சொல்லித் தப்பித்துக்கொள்வானே" என்று கேட்பர். நியாயமான கேள்வி, மழுப்பாமல் விடையளிப்போம். ஆம், ஏமாறக்கூடும். ஆனால் இரு வகைத் தவறுகளைத் தராசிலே வையுங்கள். சோம்பேறி ஒருவனை நம்பிவிட்டோம்: நட்டம் என்ன? ஒரு பாடவேளை, ஒரு நாள் வேலை, சிறிது ஏமாற்றம். அயர்ந்தவன் ஒருவனை நம்ப மறுத்தோம்: நட்டம் என்ன? சாவோடு போராடி மீண்டவன், வாழ்வாரிடம் தோற்றுப்போகிறான். தன் உடலே தன்னிடம் பொய் சொல்கிறதோ என்று தன்னையே ஐயுறத் தொடங்குகிறான். குற்றமற்றவன் தண்டிக்கப்படலாகாது என்பதற்காக, ஐயத்தின் பலனைக் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கே தரும் நெறியை நீதிமன்றம் வகுத்திருக்கிறது. குற்றவாளிக் கூண்டிலே நிற்பவனுக்குத் தரும் அந்தச் சலுகையை, நோயிலிருந்து எழுந்தவனுக்கு மறுப்போமா?

அடுத்து ஒரு வாதம் வரும். இனிய வாதம், ஆனால் கொடியது. "உயிரோடிருப்பதற்கே நன்றி செலுத்த வேண்டாமா? எத்தனை பேர் மாண்டனர்! நீ பிழைத்தாய். குறை பேசலாமா?" நன்றி நல்ல பண்பே. மருத்துவருக்கும், செவிலியருக்கும், மருந்து கண்டாருக்கும் நன்றி கூறட்டும். ஆனால் நன்றி என்பது வாய்ப்பூட்டா? உயிரைக் காத்தார்கள் என்பதற்காக, உடல் நலமாயிருக்கிறது என்று பொய் கூற வேண்டுமா? வெள்ளத்திலிருந்து மீட்கப்பட்டவன், "குளிர்கிறது, போர்வை கொடுங்கள்" என்றால், "கரையேற்றியது போதாதா?" என்று கேட்பாருண்டோ?

இதிலே வேடிக்கை ஒன்றுமுண்டு. பிழைத்தபோது, "ஆண்டவன் அருள்" என்றனர் உற்றார். களைத்தபோது, "பையனின் சோம்பல்" என்கின்றனர். ஆதாயம் ஆண்டவன் கணக்கில். நட்டம் பையன் கணக்கில்! இரவு பகலாய் உழைத்த மருத்துவரும், மருந்தைத் தாங்கி நின்ற அந்த இளம் உடலும் எந்தக் கணக்கிலும் வரவில்லை. எவருடைய கணக்கப்பிள்ளை எழுதிய பேரேடு இது?

இன்னும் உள்ளே சென்று பார்த்தால், களைப்பைக் கண்டு நாம் ஏன் சினக்கிறோம் என்பது விளங்கும். மனிதனை அவன் செய்யும் வேலையாலேயே அளந்து பழகிவிட்டோம். ஓடுகிறவரை மாட்டுக்குத் தீனி, படுத்துவிட்டால் சந்தைக்கு. இந்த அளவுகோலையே மனிதர்மீதும் வைக்கிறோம். அதிலும் இருவர் நிலை மிக இரங்கத்தக்கது. ஒருவர் பெண். நோய் நீங்கி வீடு திரும்பிய மறு கிழமையே அடுப்பங்கரை அவளை அழைக்கிறது. ஆடவன் சாய்ந்து அமர்ந்தால் "ஓய்வெடுக்கிறான்" என்னும் வீடு, அவள் அமர்ந்தால் "வேலைக்கு வளைகிறாளா பார்" என்கிறது. மற்றவர் கூலித் தொழிலாளி. ஓய்வு கொள்ளும் நாள் அவருக்கு உலை கொதியா நாள். செல்வருக்குக் களைப்பு ஒரு துன்பம். ஏழைக்கு அதுவே பட்டினி. ஆகவே களைப்பு மருத்துவர் பொருள் மட்டுமன்று. அது நீதியின் பொருள்.

1948-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் சாசனம், நோயில்லாமை மட்டும் நலமாகிவிடாது. உடலும் உள்ளமும் சமூக வாழ்வும் செம்மையுற்றிருப்பதே நலம் என்று வரையறுத்தது. கவனித்தீர்களா? நம் மாணவனின் தாயார் பள்ளி வாயிலிலே நின்று கூறியதும் இதுவே! 1985-இல், தாமே புற்றுக்கு ஆளாகி மீண்ட அமெரிக்க மருத்துவர் பிட்சு மல்லன், பிழைப்பு என்பது ஒரு நாளில் முடியும் செய்தியன்று, பருவங்கள் பல உடையது என்றெழுதினார். சிகிச்சைக் காலம் ஒன்று. சிகிச்சை முடிந்து, அச்சமும் தளர்ச்சியும் ஆளும் காலம் இரண்டாவது. நிலைத்த வாழ்வு மூன்றாவது. முதற் பருவத்திலே சூழ்ந்து நிற்கும் சுற்றமும் நட்பும், இரண்டாம் பருவத்திலே கலைந்துபோகின்றன. எந்தப் பருவத்திலே தோள் தேவையோ, அந்தப் பருவத்திலே தோள் இல்லை.

சட்டங்கள்கூட இன்னும் முழுதும் விழிக்கவில்லை. 2016-இல் இந்திய நாட்டில் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது, நல்ல சட்டம். அதில் இரத்தநோய்கள் மூன்று இடம்பெற்றன. புற்றிலிருந்து மீண்டோரின் தீராக்களைப்பு இடம்பெறவில்லை. பிரான்சு நாடு அதே 2016-இல் வேறொரு வழி கண்டது. புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து பத்தாண்டு கடந்தவர், கடனுக்கான காப்பீடு கோரும்போது பழைய நோயைச் சொல்ல வேண்டியதில்லை என்று விதித்தது. 2022-இல் அக்காலத்தை ஐந்தாண்டாகக் குறைத்தது. மறக்கப்படும் உரிமை என்று அதற்குப் பெயர். அழகிய உரிமை! ஆனால் அதோடு இன்னோர் உரிமையும் வேண்டும்: நினைக்கப்படும் உரிமை. அவனை ஒதுக்குவதற்கென்றால் அவன் நோயை மறந்துவிடுங்கள். அவனுக்கு உதவுவதற்கென்றால் நினைவில் வையுங்கள். உலகமோ தலைகீழாய் நடக்கிறது. பெண் கேட்கும்போதும் வேலை கேட்கும்போதும் நோயை நினைக்கிறது. களைத்து அமரும்போது மறந்துவிடுகிறது.

சரி, செய்ய வேண்டுவது என்ன? நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து துணைபுரிபவன் என்று மருத்துவத்துக்கு நான்கு கூறு வகுத்தார் வள்ளுவர். இருபது நூற்றாண்டு மருத்துவம் மூன்றாவது கூறாகிய மருந்தை வானளாவ வளர்த்திருக்கிறது. நான்காவது கூறு யார்? அது நாம்! தாய், மனைவி, கணவன், நண்பன், ஆசிரியன், முதலாளி, உடன் உழைக்கும் தோழன். மருந்து நின்ற நாளோடு நம் பணியும் நின்றுவிட்டதாக எண்ணுகிறோம். நம் பணி அன்றுதான் தொடங்குகிறது.

முதலாவது, நம்புவோம். இரண்டாவது, நம்பி வாளாவிருக்காமல், காரணம் தேட மருத்துவரிடம் அனுப்புவோம். தைராய்டுக் குறைவா, இரத்தசோகையா, இதயத் தளர்ச்சியா, நுரையீரல் நலிவா, உறக்கக் கேடா, உள்ளச் சோர்வா எனத் தேடினால், தீர்க்கக்கூடிய காரணம் பலருக்குக் கிடைக்கும். களைப்புத் திடீரெனப் பெருகினால், நோய் மீண்டதா என்று பார்ப்பதும் கடமை. "விதி" என்று முடங்குவதும் "சோம்பல்" என்று ஏசுவதும், தேடலை நிறுத்துவதிலே உடன்பிறப்புகள்.

மூன்றாவது, அளவறிந்த உடற்பயிற்சி. களைத்தவனை உடற்பயிற்சி செய்யச் சொல்வது முரண்போல் தோன்றும். ஆனால் 2009-இல் கனடா நாட்டில் லிம்போமா நோயினர் 122 பேரை வைத்து நடத்திய ஆய்வில், பன்னிரண்டு கிழமைகள் முறையாக நின்றிடத்து மிதிவண்டி ஓட்டியோர்க்கு உடல் வலிமை பெருகிற்று, களைப்புக் குறைந்தது, சிகிச்சைக்கு இடையூறும் நேரவில்லை. மருத்துவர் துணையோடு, சிறிதிலிருந்து தொடங்கி, உடல் கூறும் எல்லையை மதித்துச் செய்ய வேண்டியது அது. "எழுந்து ஓடு, எல்லாம் சரியாகும்" என்னும் அதட்டலுக்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள தொலைவு. நான்காவது, பள்ளியும் தொழிற்சாலையும் அலுவலகமும் நேரத்தையும் வேலையையும் சிறிது வளைத்துக் கொடுக்க வேண்டும். மனிதனுக்கு ஏற்ப நாற்காலி செய்கிறோம். நாற்காலிக்கு ஏற்ப மனிதனை வெட்டுவதில்லை.

இவற்றையெல்லாம் இரக்கமாக அல்ல, உரிமையாகத் தர வேண்டும். இரங்குவோன் மேலே நிற்கிறான். இரக்கம் பெறுவோன் கீழே குனிகிறான். தன்மானம் போற்றும் நாம் எவரையும் குனியவைக்க ஒப்போம். "உன்னை நம்புகிறேன்" என்று சொல்லும்போது இருவரும் ஒரே தரையில் நிற்கிறோம்.

நாம் அந்த மாணவனிடம் மன்னிப்புக் கேட்டோம். வகுப்பிலே நிறுத்தியவர்கள் வகுப்பிலேயே கேட்பதுதானே முறை? கேட்டோம். அவன் கூச்சத்தோடு சிரித்தான். இப்போது காற்று வரும் சன்னலோரம் அவன் இடம். மூன்றாம் பாடவேளையில் தலை சாய்க்க அவனுக்கு உரிமையுண்டு. அண்மையில் ஒருநாள், வேலூர்க் கோட்டையிலே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த ஆண்டு எது என்று வகுப்பைக் கேட்டோம். நாற்பது தலைகள் நிமிர்ந்திருந்தன, விடை வரவில்லை. சாய்ந்திருந்த தலையிலிருந்து மெல்லிய குரலொன்று வந்தது: "1806, ஐயா."

வகுப்பு கைதட்டிற்று, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் மகிழ்ச்சியினூடே நம்மை நாமே கேட்டுக்கொண்டோம்: அவன் விடை கூறாதிருந்தால்? அன்று கேட்கவும் இயலாமல் கண்ணயர்ந்திருந்தால்? அப்போதும் அந்த இடம் அவனுடையதே. கெட்டிக்காரன் என்பதற்காகத் தந்த இடமன்று அது. மனிதன் என்பதற்காகத் தந்தது.

தோழர்களே! உங்கள் தெருவிலும், தொழிற்கூடத்திலும், ஏன், உங்கள் வீட்டிலும், பெருநோயை வென்று வந்த ஒருவர் இருக்கக்கூடும். நோயைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். மருந்தைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். செலவைப் பற்றியும் கேட்டிருப்பீர்கள். இன்று மாலை சென்று, "இப்போது தெம்பு எப்படியிருக்கிறது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் கூறும் விடையை நம்புங்கள்.

உயிரைக் காக்க அறிவு கற்றுக்கொண்டது. காத்த உயிரோடு எப்படி வாழ்வதென்று நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.